மேற்கோளைச் சரிபார்க்கச் சென்ற வழங்கி

பிறர் எழுத்தை எடுத்தாண்டால் அவருக்குத் தெரிவிப்பது நாகரிகம். அந்த நாகரிகத்தை வலைத்தளங்களுக்குக் கொண்டுவர 2002-இல் வகுக்கப்பட்டதே பிங்பேக் என்னும் நெறிமுறை. என் கட்டுரையை நீங்கள் சுட்டினால், உங்கள் தளம் என் தளத்திற்குச் செய்தி அனுப்பும். அது மெய்தானா என்றறிய என் வழங்கி உங்கள் பக்கத்திற்குச் சென்று பார்க்கும். மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இதில் தவறேதும் தோன்றாது.

ஆனால் சிக்கல் அந்தச் சரிபார்ப்பிலேயே இருக்கிறது. செல்லவேண்டிய முகவரியைத் தருபவர் முன்பின் அறியாத ஒருவர். வளாகத்திற்குள் மட்டுமே திறக்கும் கணினியொன்றின் முகவரியை அவர் தந்தால் வழங்கி அங்கும் செல்லக்கூடும். வெளியாரை மறிக்கும் ஃபயர்வால், உள்ளிருந்தே எழும் இக்கோரிக்கையை ஐயுறுவதில்லை. கண்டதை வழங்கி அவருக்குக் காட்டாவிட்டாலும், பிழைச் செய்தியையும் தாமதத்தையும் கொண்டு உள்ளே என்னென்ன இயங்குகின்றன என்பதை அவர் ஊகிக்கலாம். இதுவே எஸ்.எஸ்.ஆர்.எஃப். எனப்படும் பாதுகாப்புக் குறை.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இருந்த இக்குறைக்கு 2013 ஜனவரியில் 3.5.1 பதிப்பு தீர்வு தந்தது. எனினும் முகவரியைச் சோதிக்கும்போது ஒருமுறையும் செல்லும்போது மறுமுறையும் டொமைன் பெயருக்குரிய ஐ.பி. எண் கேட்கப்படுவதையும், இடைப்பட்ட கணத்தில் அவ்விடையை மாற்றிவிட முடியும் என்பதையும் 2022-இல் சோனார் நிறுவன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். சோதித்தது ஓரிடம், சென்றது வேறிடம்.

நான் ஆய்வு செய்யும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தில் துறைதோறும் ஒரு தளம் உண்டு. அமைத்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். தளம் புதுப்பிப்பாரின்றி நிற்கும். எங்கள் துறைத்தளம் இருந்த அதே உள்வலையில் உதவித்தொகைப் பதிவேடும் இருந்தது. மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களும் சாதிச் சான்றுகளும் கொண்ட அப்பதிவேடு, வளாகத்திற்குள்ளிருந்து கேட்டால் கடவுச்சொல் இன்றியே திறந்தது. "உள்ளிருந்து வருபவர் நம்மவர்தானே" என்றார் பொறுப்பாளர்.

இரண்டு வேண்டுகோள்கள் வைத்தேன். பிங்பேக்கை நிறுத்த ஒருநாள் போதுமானதாயிற்று. பதிவேட்டிற்குக் கடவுச்சொல் வைக்க ஒரு பருவம் முழுதும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரண்டாவதே முதன்மையானது என்று இன்றும் கருதுகிறேன். பிங்பேக் அடைபட்டாலும், முகவரி கொடுத்தால் படத்தை எடுத்துவரும் ஏதேனும் ஒரு செருகுநிரல் நாளை அதே வேலையைச் செய்யலாம். 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் களவுபோனதும் இவ்வகைக் குறையின் வழியேதான். அங்கும் உள்ளிருந்து வந்த கோரிக்கை என்பதாலேயே நம்பிக் கொடுக்கப்பட்டது.

இதைப் படிக்கும் பேராசிரியர்களும் மாணவர்களும் தத்தம் துறையில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுகிறேன். நம் தளத்தை இப்போது புதுப்பிப்பவர் யார்? வளாகத்திற்குள் இருக்கிறார் என்ற ஒன்றுக்காகவே எந்தப் பதிவேடு திறந்துகொடுக்கிறது? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவருக்கு இவற்றைக் கேட்கும் வாய்ப்பே இருப்பதில்லை.