திருப்பூரின் நள்ளிரவு அடுப்புகள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்த என் அக்காள் மகன், விருந்தின்போது பிரியாணித் தட்டைப் பாதியிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தான். நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றான். மூன்று ஆண்டுகளாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் பிள்ளை. வயது இருபத்து மூன்று. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்?" என்று மட்டும் கேட்டார். "ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும்" என்று அவன் சொன்னதைக் கேட்டு அக்காள் திகைத்துப் போனார்கள். பிள்ளை வேலைக்குத் திரும்பிய மறு வாரமே எனக்குக் கட்டளை பிறந்தது.

"தம்பி, நீ ஒரு தடவை போய், அவன் ராத்திரியிலே எங்கே, என்னத்தைத் தின்கிறான் என்று உன் கண்ணாலே பார்த்துவிட்டு வா."

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பழநியில் பேருந்து ஏறித் தாராபுரம் வழியாகத் திருப்பூர் போய்ச் சேர்ந்தேன். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக எவரும் திருப்பூருக்குச் செல்வதில்லை. கொடி காத்த குமரன் 1932இல் தடியடி பட்டு உயிர் நீத்த ஊர் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். மற்றபடி பிழைப்புத் தேடிச் செல்லும் ஊர் அது. பனியன் தொழிலின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவோர் குலாம் காதர், சத்தார் சாஹிப் ஆகியோரின் பெயர்களையே முதலில் சொல்வார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரம் கொண்டு வந்து 'பேபி நிட்டிங்' என்னும் ஆலையை நிறுவியவர்கள் அவர்கள். நம் சமுதாயத்தார் தொடங்கி வைத்த அந்தத் தொழிலில், பின்னர் சுற்று வட்டார வேளாண் குடும்பங்கள் பெருமளவில் இறங்கின. 1978இல் இத்தாலி நாட்டு வணிகர் ஒருவர் வந்து சரக்குக் கேட்டதிலிருந்து ஏற்றுமதி வளர்ந்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வளவும் அறிந்திருந்தும், அவ்வூரின் கடிகாரம் வேறு என்பதை நான் அறிந்திருக்கவில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிவது ஒரு ஷிப்ட். இரவு ஒன்பது மணி வரை நீண்டால் அது ஒன்றரை ஷிப்ட். சரக்குக் கப்பலேற வேண்டிய தேதி நெருங்கிவிட்டால் நள்ளிரவு கடந்து ஒரு மணி வரை இயந்திரம் ஓடும். அது இரண்டு ஷிப்ட். பின்னல் ஆலையிலும் சாயப்பட்டறையிலும் உள்ளவர்களுக்கோ பன்னிரண்டு மணி நேரம் பகல், பன்னிரண்டு மணி நேரம் இரவு என்று முறை மாறும். ஆகவே, 'இரவு உணவு' என்று நாம் சொல்லும் ஒன்று அங்கே மூன்று வேளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. நல்ல கடை எது என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேளைக்கு என்று கேட்க வேண்டும்.

ஒன்பது மணிக் கூட்டத்தை அவிநாசி சாலையில் கண்டேன். கம்பெனி வாயில்களிலிருந்து ஆண்களும் பெண்களும் ஆற்று வெள்ளமாக வெளிப்படுகிறார்கள். பெண்கள் நிற்பதில்லை. வேன் பிடித்தும் பேருந்து பிடித்தும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். அங்கே போய் உலை வைக்க வேண்டும். கடைகளில் நிற்பவர்கள் ஆண்களே. பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பெண் ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட, அந்தச் சாலையோரத்தில் ஓர் இடத்தையும் நான் காணவில்லை. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அந்த வேளைக்கு உரியது காளான் வண்டி. கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இது புதிது. பெயர் காளானே தவிர, தேடிப் பார்த்தால் பெரும்பங்கு முட்டைக்கோஸ்தான் அகப்படும். மாவில் பிசைந்து பொரித்ததை மசாலாக் குழம்பில் வேகவிட்டு, கல்லில் கொத்தி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுக்கிறார்கள். நாக்குக்கு இதம், வயிற்றுக்குப் பகை. நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

மருமகனுக்கு அன்று இரண்டு ஷிப்ட். அனுப்பர்பாளையத்தில் நால்வர் சேர்ந்து தங்கியிருக்கும் அவன் அறையில் இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பகுதி அது. அறையில் ஓர் அடுப்பு இருந்தது. அதன்மேல் துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள்!

ஒரு மணி கடந்து வந்தான். "மாமா, தூங்கவில்லையா? வாங்க, சாப்பிடலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். பெரிய சாலை இருண்டிருந்தது. சந்து ஒன்றில் திரும்பியதும் தட், தட் என்று கொத்துப் பரோட்டாவின் ஓசை. தள்ளுவண்டி ஒன்று, நான்கு பலகைகள், ஒரு விளக்கு. சுற்றிலும் முப்பது நாற்பது பேர். பேச்சே இல்லை, அத்தனை பசி.

கடைக்காரர் பரமக்குடிப் பக்கத்தவர். இருபது ஆண்டுகளாக இவ்வூரில் கல் போட்டிருப்பவர். "வாங்க பாய், ஊரிலிருந்தா?" என்று கேட்டுக்கொண்டே கை நிற்காமல் வேலை செய்தார். பரோட்டா என்பது கையின் தொழில். மாவைப் பிசைந்து எண்ணெய் தடவி ஈரத் துணியால் மூடி ஊறவிட்டுத்தான் உருட்ட வேண்டும். அவசரப்பட்டால் வீச்சு வராது, கிழியும். கண்ணாடித் தாள்போல் வீசி, மடித்து, சுருட்டி, மீண்டும் தட்டிக் கல்லில் இட்டு, வெந்த பிறகு நாலைந்தை அடுக்கி இரு கைகளாலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் அடுக்குகள் விரியும். அந்த அடி விழாத பரோட்டா ஆறியதும் தோல்போல் ஆகிவிடும். நள்ளிரவில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க நான் கண்ட முதல் அடையாளம் இதுதான்: கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறதா, முன்னிரவிலேயே சுட்டு அடுக்கியதைச் சூடு காட்டித் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, சால்னா. மாலையில் வைத்த சால்னாவில் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீட்டும் கடையில் ஒரு மணிக்கு மிளகாய்க் காரம் மட்டுமே மிஞ்சியிருக்கும். இவர் பதினோரு மணிக்குப் புதிதாக இரண்டாம் அண்டா ஏற்றுகிறாராம். தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட மணம் அதற்குச் சாட்சி.

கலக்கியைச் சொல்லாமல் விட்டால் கொங்கு நாட்டார் என்னை மன்னிக்க மாட்டார்கள். முட்டையை அடித்து, மிளகுத்தூளும் ஒரு கரண்டி சால்னாவும் சேர்த்துக் கல்லில் ஊற்றி, முழுதும் இறுகுவதற்குள் ஓரங்களை மடித்து எடுத்துவிடுகிறார்கள். உள்ளே குழைவாக இருக்கும். வேறு எங்கும் எனக்கு இது இப்படி அமைந்ததில்லை.

ஒரு வார்த்தை. பாய் கடை என்பதாலேயே கேள்வி கேட்காமல் உண்பது நம் வழக்கமாகிவிட்டது. கறி எங்கே வாங்கியது, யார் அறுத்தது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நேர்மையான கடைக்காரர் சினம் கொள்ள மாட்டார். ஐயம் தீரவில்லையெனில் முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மருமகன் ஆறு பரோட்டா தின்றான். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். "ஒன்பது மணிக்கு இடைவேளை விடுகிறார்களே, அப்போது ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டேன். டீயும் பன்னும் தின்றதாகச் சொன்னான். கம்பெனியில் கொடுக்கும் சாப்பாட்டுக் காசு? அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. வலியுறுத்திக் கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சி நிக்காஹுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் மாமா. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். எனக்கு வாயிலிருந்தது இறங்கவில்லை.

கடைக்காரர் கேட்டும் கேளாதவர்போல் விளக்கைச் சற்றுத் தாழ்த்தினார். ரோந்து வண்டி வரும் நேரமாம். வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்வார்கள். இரவில் குடித்துவிட்டுச் சண்டையிடுவோரால் தொல்லை என்பதும் மெய்தான். அவர்களைக் குறை சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் நாள் முழுவதும், இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஆணையிட்டது; 2022இல் அதை நீட்டித்தது. இந்த வண்டியில் வேலை செய்வோர் மூவர். குளிர்சாதனம் வைத்த உணவகத்துக்குக் கிடைக்கும் இரவு, இவருக்கு ஆணையால் கிடைப்பதில்லை. தெருவோர வணிகர்களைப் பாதுகாக்க 2014இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் தனியே இருக்கிறது. அந்த அடையாள அட்டையை அவர் எனக்கு எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறையில், மடிப்புக் குலையாமல் வைத்திருந்தார்.

2011இல் அடுப்பு தானாகவே அணைந்த கதையையும் சொன்னார். நொய்யலாற்றில் சாயக் கழிவு கலந்தது தொடர்பான வழக்கில், அவ்வாண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்று நீரை நம்பிய உழவர்களுக்கு அது நியாயமே. பட்டறைகள் மூடியதும் இரவு ஷிப்ட் ஆட்கள் ஊர் திரும்பினார்கள். இவர் பிசையும் மாவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. பின்னர் 2020இல் ஊரடங்கு. "இப்போது பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள் பாய். அவர்களுக்காகச் சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் போடக் கற்றுக்கொண்டேன்" என்றார். எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த பிள்ளை ஒருவன் சால்னாவை வேண்டாமென்று கையமர்த்தி, அந்தக் கறியையே வாங்கிக்கொண்டதைக் கண்டேன்.

இப்படிச் சந்துக்குள் போகத் தயங்குவோர், குடும்பத்துடன் இரவுப் பயணம் வருவோர் ஆகியோருக்கு ரயில் நிலையமும், மக்கள் இன்றும் 'பழைய பஸ் நிலையம்' என்றே அழைக்கும் இடமுமே ஏற்றவை. சென்னை செல்லும் இரவு வண்டிகள் நள்ளிரவை ஒட்டியும், அங்கிருந்து வருபவை விடியற்காலையிலும் நிற்பதால் அப்பகுதியில் டீக்கடைகள் விழித்திருக்கும். அருகிலேயே காதர்பேட்டை, பனியன் மொத்த வணிகச் சந்தை. மிதிவண்டியில் பாத்திரம் கட்டிக்கொண்டு வரும் சுக்கு காபிக்காரரைக் கண்டால் விடாதீர்கள். எண்ணெய்ப் பண்டத்துக்குப் பின் அதைவிட நல்லது கிடையாது. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நாளாதலால் அன்றிரவு எந்தக் கடையிலும் உட்கார இடம் கிடைக்காது என்கிறான் மருமகன்.

நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறுகிறது. காங்கயம் சாலைப் பக்கம் நம்மவர் மிகுதியாக வாழும் பெரியதோட்டம், கோம்பைத்தோட்டம் பகுதிகளில் ஸஹர் நேரத்தில் விளக்கு எரியும் கடைகள் உண்டு என்றும், குடும்பத்தைப் பிரிந்து தங்கியிருப்போருக்காகப் பள்ளிவாசலில் சோறு ஆக்கிப் போடுவார்கள் என்றும் சொன்னான். "அந்த ஒரு மாதம் வயிறு எரிவதே இல்லை மாமா." வியப்பில்லை. அந்த மாதத்தில்தான் அவன் நேரத்துக்குச் சோறு தின்கிறான்.

அறைக்குத் திரும்பியும் எனக்கு உறக்கம் வரவில்லை. நான்கு மணிக்கு அவனை எழுப்பினேன். நண்பனின் வண்டியை வாங்கிக்கொண்டு பல்லடம் சாலையிலுள்ள தென்னம்பாளையம் சென்றோம். உழவர் சந்தைக்கு வேளாண் மக்கள் மூட்டைகளோடு வந்து இறங்கும் நேரம். கீரைக்கட்டுகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தைக்குச் சற்றுத் தள்ளி, அம்மையார் ஒருவர் மரத்தடியில் இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் ஆவி அவர் முகத்தை மறைத்தது. துணியில் ஊற்றிய இட்லி. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னியும், நிலக்கடலை அரைத்த சட்னியும். எண்ணெய் என்பதே இல்லை. திருப்பூரில் நான் உண்டவற்றுள் இதற்கே முதலிடம் தருவேன், பரமக்குடியார் பொறுத்தருள்வாராக.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். மருமகனைப் பார்த்து, "இந்தப் பையன் புதுசுங்களா? பார்த்ததில்லையே" என்றார். மூன்றாண்டு இவ்வூரில் இருந்தும் இந்தப் பக்கம் அவன் வந்ததில்லை. இரவு ஷிப்ட் முடித்த பின்னல் ஆட்கள் இங்கேதான் வந்து தின்றுவிட்டுப் போய்த் தூங்குவார்களாம். மாலையில் இட்லி உண்டா என்று விசாரித்தேன். உண்டு, அவர் மகள் வீட்டிலேயே அவித்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்து அனுப்புகிறாள் என்றார். ஒன்பது மணிக்கு ஒரு பொட்டலம் என்று பேசி, ஒரு மாதத்துப் பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டேன். மருமகன் தடுத்தான். "இது உன் தங்கச்சிக் காசில்லை, என் காசு" என்றேன்.

பஜ்ருக்குப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு நேரே பேருந்துக்கு வந்தேன். கையில் அந்த அம்மையார் வாழையிலையில் கட்டித் தந்த ஆறு இட்லிகள்.

அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதைத் தவிர. அவர்கள் பொட்டலத்தைப் பிரித்து, ஆறிப்போன இட்லியில் ஒரு துண்டு பிட்டு வாயிலிட்டு, நெடுநேரம் மென்றார்கள்.

"உளுந்து நல்லாத்தான் போட்டிருக்காள். உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார்கள். பிறகு, அந்த அம்மையாருக்குப் போன் இருக்கிறதா என்று கேட்டார்கள்.