கல்வி வேட்கையும் கைக்கொண்ட தொழிலும்

ஒருவன் கல்வியை விரும்புதற்கும், கற்றபின் ஒரு தொழிலைக் கைக்கொள்ளுதற்கும் காரணம் யாது என்னும் வினா எளிதிற் கேட்கப்படுவதாயினும், எளிதில் விடையிறுக்கப்படுவதன்று. பொருள் வேண்டிக் கற்பாரும், புகழ் வேண்டிக் கற்பாரும், பெற்றோர் ஏவலாற் கற்பாரும், பிறர் கற்றலைக் கண்டு தாமும் கற்பாரும் உலகிற் பலர். கல்வியின்மேல் எழுந்த காதல் ஒன்றே காரணமாகக் கற்பார் சிலர். அச்சிலருள்ளும், 'நீர் கற்ற இக்கல்வியால் யாது பயன்?' என்று ஒருவர் வினாவியவிடத்து வெகுளாது, அவ்வினாவையே தம் வாழ்க்கைக்கு வழியாகக் கொண்டார் மிக அரியர். அங்ஙனம் கொண்டார் ஒருவரது வரலாறு சைவத் திருமடம் ஒன்றன் நிழலில் நிகழ்ந்ததாகலின், சைவ நன்மக்கள் சிந்தித்தற்கு உரியது. அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். தம் முதுமையில் அவர் 'என் சரித்திரம்' என்னும் பெயரால் ஆனந்த விகடனில் எழுதிவந்த வரலாறு, 1942-ஆம் ஆண்டில் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றதாயினும், ஈண்டு வேண்டுவன அதன்கண் நிரம்ப உள.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் பிறந்தார்கள். முன்னோர் ஊர் தஞ்சை நாட்டு உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து, அன்பர் அளிப்பன கொண்டு குடும்பம் நடத்தியவர். தமக்கு வாழ்வளித்த இசையே மைந்தனுக்கும் வாழ்வளிக்கும் என்று அவர் கருதியது இயல்பே. அக்காலத்தில் ஆங்கிலம் கற்றார்க்கு அரசாங்க வேலை எளிதிற் கிடைக்கும். வடமொழி கற்றார்க்கு வைதிகர் நடுவே மதிப்பு உண்டு. தமிழை மட்டும் கற்றார்க்கு இன்ன வருவாய் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது யாதும் இல்லை. இவையெல்லாம் தெரிந்திருந்தும் அச்சிறுவர் மனம் தமிழிலேயே சென்று பற்றியது. ஏன் பற்றியது என்பதற்குக் காரணம் காட்டல் அரிது. வேட்கையென்பது காரணம் ஆராய்ந்து பிறப்பதன்று. பிறந்தபின் காரணம் தேடுவது.

தந்தையாரின் பெருமை இவ்விடத்தே விளங்குவது. தாம் எண்ணியதொன்று, மைந்தன் விழைந்தது பிறிதொன்று என்று கண்டவர், தம் எண்ணத்தை மைந்தன்மேற் சுமத்தாது, நல்லாசிரியர் உள்ள ஊரைத் தேடிக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனப் பல ஊர்களில் அக்குடும்பம் தங்கியது. ஓரூரில் ஓராசிரியர் சில நூல்களைச் சொல்வார். அவர்க்குத் தெரிந்தன முடிந்தவுடன் வேறூர் நாட வேண்டும். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடங் கேட்டகாலை, மேற்கொண்டு கற்க வேண்டுமாயின் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையே அடைதல் வேண்டும் என்னும் எண்ணம் உறுதிப்பட்டது. இதற்கிடையே 1868-ஆம் ஆண்டிலேயே மாணவர்க்குத் திருமணமும் நிகழ்ந்துவிட்டது. இல்லறச் சுமை ஒருபுறம், பொருளின்மை ஒருபுறம் நெருக்கவும், கல்வி வேட்கை சிறிதும் தளர்ந்திலது.

1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்தார். அப்புலவர் பெருமான் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கியவர். தலபுராணங்களும் பிரபந்தங்களும் பல இயற்றியவர். பொருள் வேண்டாது பாடஞ் சொல்பவர். அவரிடம் கற்கத் தொடங்கிய சில நாளில் மாணவர் தம் வாழ்க்கையின் முதல் இழப்பை ஏற்க வேண்டியதாயிற்று. மாயூரத்தில் அப்போது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் தந்தையார் விருப்பப்படி இசையும் பயின்றுவந்தார். இசைப்பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்பது பிள்ளையவர்கள் கருத்து. அக்கருத்தை அறிந்தவுடன் மாணவர் இசைப்பயிற்சியை விட்டொழித்தார். குடும்பத்தின் பரம்பரைச் செல்வம் அது. வறுமை நேர்ந்தால் ஊன்றுகோலாய் உதவுவதும் அது. அதனை விட்டமையால்தான் அவர் தமிழைத் தேர்ந்தமை மெய்யாயிற்று. ஒன்றை விரும்புகின்றேன் என்பார் பலர். அதன்பொருட்டு மற்றொன்றை விடுகின்றேன் என்பாரே உண்மையில் விரும்பினார் என்க.

ஐந்தாண்டுக்காலம் ஆசிரியரை நிழல்போல் தொடர்ந்து, பாடங் கேட்டும், அவர் வாய்மொழியாகப் பாடியவற்றை ஏட்டில் எழுதியும் வாழ்ந்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அவ்விறுதி வேளையில் திருவாசகத்து அடைக்கலப்பத்தை அருகிருந்து ஓதும் பேறு இம்மாணவர்க்கே வாய்த்தது. அதன்பின் ஆதீனத் தலைவராய் விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் தாமே பாடஞ் சொல்லியும், மடத்து மாணவர்க்குப் பாடஞ் சொல்லுமாறு பணித்தும் அவரைப் புரந்தருளினார்கள்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரும் பிள்ளையவர்கள் மாணவருமாகிய தியாகராச செட்டியார் தம் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். தமக்குப்பின் அவ்விடத்திற்கு ஏற்றவர் ஐயரவர்களே என்று வற்புறுத்தினார். தேசிகர்க்கு அவரைப் பிரிய மனமில்லை; எனினும், மாணவர் நலங் கருதி விடைகொடுத்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஐயரவர்கள் கல்லூரி ஆசிரியராயினார். வேட்கையால் கற்ற கல்விக்கு வாழ்வும் கிடைத்தது. குடும்பத்தின் வறுமையும் நீங்கியது. கல்லூரியில் மதிப்பும் வந்தது. அவர்க்கு அப்போது வயது இருபத்தைந்து. பெரும்பான்மையோர் வரலாறு இவ்விடத்தே முடிந்துவிடும். கற்றதற்கு வேலை கிடைத்தது. வேலைக்குச் சம்பளம் கிடைத்தது. இனி வேண்டுவது யாது?

எட்டுத் திங்கள் சென்றன. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றப்பெற்று வந்தார். தமிழன்பும் ஆங்கிலப் புலமையும் ஒருங்கே உடையவர். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஐயரவர்கள் அவரைக் காணச் சென்றார்கள். யாரிடம் என்னென்ன கற்றீர் என்று முதலியார் வினாவினார். ஐயரவர்கள் அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள், இலக்கணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்னும் கருத்துப்பட அவர் கூறி, இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்டு, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டார். ஐயரவர்கள் அவற்றைக் கற்றிலர். தம் ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை, ஏட்டுப்பிரதிகளும் அரியனவாயிருந்தன.

இவ்விடத்தே சிறிது நின்று நோக்குதல் வேண்டும். நூற்றுக்கணக்கான நூல்களைப் பேராசிரியர்பால் முறையாகக் கற்று, மடத்திலும் கல்லூரியிலும் பாடஞ் சொல்லும் ஒருவரைப் பார்த்து, தமிழைத் தொழிலாகக் கொள்ளாத ஓர் அலுவலர் இங்ஙனம் கூறினால் நிகழ்வது யாது? கற்றார் பலர்க்கு வெகுளி எழும். அவர் குற்றத்தைத் தாம் ஆராயத் தொடங்குவர். மறுமுறை அவ்வில்லத்தின் வாயிலை மிதியார். ஐயரவர்களுக்கும் மனம் வருந்தாமலில்லை. ஆயினும் அவ்வருத்தத்தின் அடியில், தாம் அறியாதது ஒன்று உண்டு என்னும் உண்மை தைத்தது. முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிச் சென்று படித்தார்கள். பொருள் எளிதில் விளங்கவில்லை. விளங்காமையை மறையாது, விளங்கும்வரை முயல்வது என்று துணிந்தார்கள்.

அத்துணிவிற்கு வேறோர் இடர்ப்பாடும் இருந்தது. சிந்தாமணி சைன காப்பியம். சோழ மன்னன் அதனிடத்து ஈடுபட்டு நின்றமை கண்டே சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளினார் என்பது சேக்கிழார் புராணம் கூறும் வரலாறு. சைவ ஆதீனத்தில் வளர்ந்த ஒருவர் அந்நூலையே எடுத்து அச்சிடப் புகுந்தால் சைவருள் சிலர் முகஞ் சுளிப்பது எதிர்பார்க்கத்தக்கதே, அவ்வாறே சுளித்தனர். ஐயரவர்கள் தம் சமயப்பற்றைச் சிறிதும் நெகிழவிட்டிலர். அதனைத் தம் கல்விக்குத் தடையாகவும் கொண்டிலர். கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்தம் சமய மரபுகளை மாணவரைப்போல் கேட்டறிந்தார்கள். நூற்கு உரைகண்ட நச்சினார்க்கினியரும் சைவரே என்பது அறிந்தார்க்கு, இம்முயற்சி புதியதோர் நெறியன்று, பழைய சைவப் பெருந்தன்மையின் தொடர்ச்சியே என்பது புலனாகும். ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, ஏழாண்டு உழைத்து 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார்கள். பின்னர்ப் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

இவ்வரலாற்றில் மூன்று நோக்கங்கள் முறையே தோன்றுதல் காணலாம். முதலாவது காதல், அது இளமையில் காரணமின்றி எழுந்தது. இரண்டாவது வாழ்வு, அது காதலுக்குப் பின் வந்து அதற்கு ஏவல் செய்தது. 1880 முதல் கும்பகோணத்திலும், 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலுமாக 1919 வரை ஐயரவர்கள் சம்பளம் பெற்றே உழைத்தார்கள், சம்பளத்தை இகழ்ந்திலர். மூன்றாவது பயன், அதுவே இறுதியில் வந்து, முன்னைய இரண்டிற்கும் பொருள் தந்தது. முதலிலேயே பயனை வினாவியிருப்பின் அவர் தமிழைக் கற்றிரார். இறுதிவரை பயனை வினாவாதிருப்பின் கற்றது அவரோடே நின்றிருக்கும்.

உயிர் அறிவுடைப் பொருளேயாயினும் தானே அறிய வல்லதன்று, அறிவிப்பாரை வேண்டி நிற்பது என்பது சித்தாந்தத் துணிபு. ஒளியுடைய கண்ணும் கதிரவன் ஒளியின்றிக் காணமாட்டாமை அதற்கு உவமை. அறிவிப்பார் எப்பொழுதும் ஆசிரியர் வடிவிலேயே வருவர் என்னும் நியதி இல்லை. ஐயரவர்களுக்குத் தந்தையார் விட்டுக்கொடுத்தலால் அறிவித்தார். பிள்ளையவர்கள் கற்பித்தலால் அறிவித்தார்கள். தேசிகர் புரத்தலால் அறிவித்தார்கள். முதலியார் மதியாமையால் அறிவித்தார். இந்நால்வருள் நான்காமவரை அறிவித்தாராக ஏற்றுக்கொள்வதே கடினம். அவரை ஏற்கும் பணிவு இல்லையாயின், முன்னை மூவர் அளித்ததும் செருக்காய் முடிந்திருக்கும்.

இந்நாளில் மேற்கல்வி புகும் இளைஞர்க்கு வழிகள் பலவாக விரிந்துள்ளன. மருத்துவமும் பொறியியலும் கணினியும் சட்டமும் அவரை அழைக்கின்றன. எதனைக் கற்றால் எவ்வளவு ஊதியம் என்னும் கணக்கு, பள்ளிப்பருவத்திலேயே அவர் செவியில் ஓதப்படுகின்றது. ஊதியம் நோக்கல் குற்றமன்று. வறுமையை அறிந்தார் எவரும் அதனைக் குற்றமென்னார். ஊதியமே முதலும் இறுதியுமாக நிற்றலே குறை. பெற்றோராயினார் வேங்கடசுப்பையரை நினைதல் நன்று; மைந்தர் மனம் எதன்கண் தானே சென்று பற்றுகின்றது என்று காணும் பொறுமை அவர்பால் இருந்தது. கற்பாராயினார், தாம் விரும்பியதன்பொருட்டு எதனை விடுதற்கு இசைவர் என்று தம்மைத் தாமே வினாவுதல் நன்று. கற்று முடித்துப் பதவியில் அமர்ந்தாராயினார், 'இதனால் என்ன பயன்?' என்று கேட்கும் ஒருவர் தம் வாழ்விலும் வருவாராயின், அவரைப் பகைவரென்று கருதி வாயில் அடைத்துவிடாதிருத்தல் நன்று.

கல்வியின் முடிந்த பயன் இறைவன் திருவடியைத் தொழுதல் என்பது சான்றோர் கண்ட உண்மை. தாம் அறியாததன்முன் தலைவணங்க அறியாதார் திருவடிமுன் மெய்யாக வணங்குதல் எங்ஙனம்? கும்பகோணத்தில் அன்று ஒரு வினாவின்முன் தலைவணங்கிய ஐயரவர்கள், மறைந்துகிடந்த பழந்தமிழ்ச் செல்வங்களை மீண்டும் உலகிற்கு அளித்தார்கள். அவர்கள் தேடித் தொகுத்த ஏடுகளும் நூல்களும், 1943-ஆம் ஆண்டில் அவர்கள் பெயரால் சென்னையில் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் கற்பாரை எதிர்நோக்கி இருக்கின்றன.