தேய்ந்த ரேகைகள்

நுழையும்முன்

அலுவலகத்திற்குள் கணினியைக் கொண்டுவருவது எளிது. அதனை மக்களுக்குப் பயன்படச் செய்வது அரிது. அதற்கு வேண்டிய அறிவு எத்தகையது என்பதைத் தம் தாயின் கைகள்வழியே உணர்ந்த ஆசிரியர் ஒருவரின் நினைவு இது.

கொழுந்து பறித்த கைகள்

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. அதன் சரிவுகளில் என் தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி அவருடைய விரல்கள் கறையேறிக் காய்த்துப்போயின. அந்தக் கைகள்தாம் என்னை முதுகலைவரை படிக்கவைத்தன.

2020இல், கைரேகையைச் சரிபார்த்துப் பொருள் வழங்கும் முறை நியாயவிலைக் கடைகளுக்கு வந்தது. ஒருவருக்குரிய பொருளை மற்றொருவர் பெறாமல் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்டது அது. அம்மா வலக்கைப் பெருவிரலை வைத்தார்; கருவி ஏற்கவில்லை. இடக்கை விரலை வைத்தார், அதையும் ஏற்கவில்லை. மூன்று நாள் மேட்டில் ஏறி இறங்கி, வெறும் பையுடன் வீடு திரும்பினார். “நான் நான்தான்னு அந்தப் பெட்டி நம்பமாட்டேங்குது” என்று என்னிடம் கூறினார்.

‘கணினிக்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு தெரியாது, அது எல்லாரையும் ஒன்றுபோல நடத்தும்’ என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லிவந்தவள் நான். அன்று என்னால் அம்மாவுக்கு மறுமொழி கூற இயலவில்லை.

திண்ணையில் ஒரு காலைப்பொழுது

பலரும் முறையிட்டபின், மின்னாளுமைப் பணியைக் கவனித்துவந்த இளம் அலுவலர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். அவர் முதலில் கருவியைத் தொடவில்லை. கடைத் திண்ணையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அமர்ந்து, வருவோரின் கைகளைப் பார்த்தார். “அம்மா, கையைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றார் என் தாயாரிடம். “நாப்பது வருசம் கொழுந்து கிள்ளுன கைம்மா. ரேகையெல்லாம் செடிக்கே போயிருச்சு” என்றார் அம்மா.

எல்லாரும் ‘கருவிக் கோளாறு’ என்று ஒரே சொல்லில் கூறியதை அவர் மூன்றாகப் பிரித்தார். சிலருக்கு, மலைச்சரிவில் அலைவரிசை கிடைக்காததே தடை. கருவியை வைக்கும் இடத்தை மாற்றினார். சிலருக்கு, பனியில் நனைந்த விரலும் கருவிக் கண்ணாடியில் படிந்த கறையுமே தடை. துடைத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொன்னார். என் தாயாரைப் போன்றோர்க்கு ரேகையே தேய்ந்திருந்தது. வர இயலாத முதியோர்க்காக விதியில் ஏற்கெனவே இருந்த பிரதிநிதி முறையை அவர்களுக்கும் பெற்றுத் தந்தார். விதி இருந்தது, அதனை அறிந்து சொல்வார்தாம் இல்லை.

தகவல் தொழில்நுட்பத் தலைமை என்பது யாது என்பதை அன்று கற்றேன். கருவியை அறிவது அதில் ஒரு பாதி. விதியையும் நிலத்தையும் மக்களையும் அறிவது மறுபாதி.

முடிவெடுப்பவர் மனிதர்

இவ்வுண்மையைப் பெரிய செயல்களிலும் காணலாம். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்ப்பெயர், வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய காலம் உண்டு. எந்திரங்களின் விரைவு கூடியதால் மட்டும் அக்குறை தீரவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒருங்குறியைப் பயன்படுத்துவது என 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு, அது தீர வழிவகுத்தது.

நம் நீலகிரியின் ‘இ-பாஸ்’ மற்றொரு சான்று. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல், மலையேறும் வெளியூர் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதி கட்டாயமாயிற்று. அதனால், வருகின்ற ஊர்திகளின் கணக்கு கிடைக்க வழி பிறந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை, வார நாள்களில் 6,000 ஊர்திகள், வார இறுதியில் 8,000 ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. எண்ணுவது கணினியின் வேலை. மலை எத்தனை ஊர்திகளைத் தாங்கும், உள்ளூர் மக்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் வண்டிக்கும் விலக்கு அளிக்க வேண்டுமா என்பனவற்றைக் கணினி முடிவுசெய்யாது. அவை மனிதர் எடுக்க வேண்டிய முடிவுகள். கல்லாற்றிலும் குஞ்சப்பனையிலும் கொட்டும் மழையில் நின்று சரிபார்க்கும் ஊழியரின் அனுபவமும் அம்முடிவுகளில் இடம்பெற வேண்டும்.

பின்னர், நியாயவிலைக் கடைகளுக்குக் கருவிழியைச் சரிபார்க்கும் கருவியும் வந்தது. அம்மா தாமே நடந்து சென்று, கருவியை நேராகப் பார்த்தார். விரலை அறியாத எந்திரம் கண்ணை அறிந்துகொண்டது. அரிசிப் பையைத் தாமே சுமந்து வீடு திரும்பினார்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இத்தகைய பொறுப்பை ஏற்பீர்கள். புதிய கருவி ஒன்றைக் கொண்டுவரும் நாளில், அதனால் பயன்பெறுவோர் எத்தனை பேர் எனக் கணக்கிடுவீர்கள். அத்துடன், அதனால் வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்றும் கேளுங்கள். விடை அலுவலகத்தில் கிடைக்காவிடில், ஒரு காலைப்பொழுது திண்ணையில் சென்று அமருங்கள்.