செஞ்சிப் பக்கத்து மின்னல்

கத்திரி மே 4 வாக்கில் பிறக்கும் என்பது காலண்டர் கணக்கு. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். மற்ற நாட்களில் பதினொரு மணிக்கெல்லாம் கடல்காற்று எழும்பித் துணியை மேற்கே தள்ளும். கத்திரியில் பன்னிரண்டு தாண்டி, ஒன்று தாண்டி, துணி கிழக்கு நோக்கியே படபடக்கும். வைத்திக்குப்பத்து ஆட்கள் அதைக் கச்சான் என்பார்கள். காய்ந்த நிலத்தின் மேல் வழியெல்லாம் சூடேறி வரும் காற்று, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலின் காற்றைக் கரை ஏறவிடாமல் தடுத்து நிறுத்திவிடும்.

அந்தப் பகல்களில் குப்பத்துப் பெண்கள் காற்று வலுக்கும் முன்பே சோறு வடித்து அடுப்பில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். கீற்றுக் கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். ஒரு பொறி போதும். 1980களின் தொடக்கத்தில் ஒரு மதியம், புகையைப் பார்த்து ஓடிய பெரியவர்களின் பின்னால் நானும் ஓடினேன். எரியும் வீட்டின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்குக் கிழக்கே இருந்த, இன்னும் தீப்பிடிக்காத இரண்டு வீடுகளின் கூரையைத் துரட்டி போட்டு இழுத்துத் தள்ளினார்கள். காற்று போகும் திசையில் தீக்குத் தீனி இல்லாமல் செய்வதே வழி என்று தாத்தா பிறகு சொன்னார். தன் கூரையைத் தானே பிரித்துப் போட்ட ஒரு பெண் தெருவில் உட்கார்ந்து அழுததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வரிசை வீடுகள் அவளால் பிழைத்தன.

ராத்திரி எல்லோரும் மொட்டைமாடியில் படுப்போம். தளம் பகலில் குடித்த வெயிலை நடுநிசிவரை கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்து, கோரைப்பாய் விரித்து, பனையோலை விசிறியோடு படுத்தால் மேற்கே அடிவானத்தில் சத்தமில்லாத வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும். இடி கேட்காது. இடியோசை ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் மேகத்தின் உச்சி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அதன் மின்னல் வெகுதூரம் தெரியும்.

"செஞ்சிப் பக்கம் பெய்யுது பாப்பா. காத்து கீழ இறங்குச்சுன்னா நமக்கும் வரும்" என்பார் தாத்தா. பெரும்பாலும் வராது. வந்த இரவுகளில் முதலில் புழுதி வரும், அதோடு குளிர்காற்று, மண்வாசனை, பாயைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கும் கூச்சல். அப்புறந்தான் மழை.

செஞ்சி எனக்கு அந்நிய ஊர் இல்லை, அம்மா பிறந்த ஊர். முழுப்பரீட்சை முடிந்ததும் மயிலம், திண்டிவனம் வழியாக பஸ் பிடித்து ஆயா வீட்டுக்குப் போய்விடுவோம். கடற்கரை ஊரிலிருந்து வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போகிறவர்கள் உதகைக்குப் போவார்கள். நாங்கள் போனது இன்னும் கொடிய வெயிலுக்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் உருண்டைப் பாறைகளை வாரிக் கொட்டிய குன்றுகள். 1750இல் புஸ்ஸி இந்தக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761வரை அங்கே பறந்தது எங்கள் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களின் கொடி என்று தாத்தா சொல்லியிருந்ததால், எனக்கு அந்த மலைமேல் ஓர் உரிமை. மதியத்தில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் உள்ளங்கை வைத்தால் காய்ச்சல் நெற்றியைத் தொடுவதுபோல் இருக்கும்.

ஊருக்கு மேற்கே பக்கமலைக் காடுகள். சித்திரையில் அங்கே புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். கோடை மழைக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று சில மேய்ச்சல்காரர்கள் காய்ந்த புல்லில் நெருப்பு வைப்பதுண்டு. இரவில் தெருவாசலில் கட்டில் போட்டுப் படுத்தபடி தீ மலையேறுவதைப் பார்ப்போம். சமதரையில் நிதானமாக நகரும் தீ, சரிவைத் தொட்டதும் வேகம் பிடிக்கும். கீழே எரியும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது.

"மலையில நெருப்பப் பாத்தா மேல ஓடக்கூடாது, புரியுதா? எரிஞ்சு முடிஞ்ச கருக்குல வந்து நில்லு" என்று ஆயா சொன்னது அன்று வெறும் பயமுறுத்தலாகப் பட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. அன்று செய்தி பார்த்தபோது ஆயாவின் குரல்தான் காதில் விழுந்தது. மலைச்சரிவுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியனுப்ப வேண்டும்.

இடிமழைக்கும் மலையிலேயே அடுப்பு. பாறை சூடேறக் காற்று மேலெழும், பிற்பகலில் உள்நாடு வரை நுழைந்துவிடும் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். மூன்று மணிக்குப் பஞ்சாகத் தெரிந்தது ஐந்து மணிக்குக் கருங்கோபுரம். முதல் இடிக்கு ஆயா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று காதைப் பொத்துவாள். ஒருமுறை மாமா கொல்லையில் நின்ற ஒற்றைப்பனையில் இடி விழுந்தது. மழை சரியாகப் பிடிக்கவில்லை. தொங்கிய காவோலைகள் குபீரென்று பற்றி எரிந்து, பிறகு வந்த மழையில் அணைந்தன. அதிலிருந்து பதநீர் இறக்கியவர் அரைமணி முன்புதான் இறங்கிப் போயிருந்தார். ஆயா அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சங்கராபரணிக்குக் கூட்டிப்போனார் மாமா. பக்கமலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு. தீ தின்ற சரிவில் விழுந்த முதல் மழை என்பதால் தண்ணீர் கருப்பாக, சாம்பலும் கரித்துண்டுமாக வந்தது. புல் பிடித்து நிறுத்தாத மண்ணும் அதோடு போய்க்கொண்டிருந்தது.

"இது எங்க போவுது மாமா?"

"உங்க ஊருக்குத்தான். வில்லியனூரைத் தாண்டிக் கடலுக்கு."

ஊர் திரும்பியதும் தாத்தாவை நச்சரித்து வில்லியனூர்ப் பாலத்துக்குப் போனேன். கீழே மணல்தான் கிடந்தது. பையன்கள் அதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வழியில் மணல் குடித்தது போக மிச்சம் வீடூர் அணையில் நின்றுவிடும் என்று சொல்லி, கார்த்திகையில் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்தார் தாத்தா. கூட்டியும் வந்தார். இரு கரையும் தொட்டுச் செக்கச்செவேலென்று ஓடிய ஆற்றைப் பார்த்து, "கரி எங்க தாத்தா?" என்று கேட்டேன்.