சென்னையில் கோடிங், அமெரிக்காவில் பில்

அமெரிக்காவில் ஒருவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், எந்தக் கை, முதல் சிகிச்சையா மறுமுறை வந்ததா என்று டாக்டரின் குறிப்பைப் படித்து, பில்லுக்கான மருத்துவக் கோடு (code) போடுபவர் பல நேரம் சென்னையிலோ திருச்சியிலோ இருப்பார். என் அக்கா மகள் அந்த வேலையில்தான் இருக்கிறாள். கோடு தவறினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது; பிறகு பாக்கிப் பணத்தைக் கேட்டு வாங்கும் ஏ.ஆர். காலிங் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அந்தக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்ட வேண்டும்.

2015 அக்டோபர் 1-ல் அமெரிக்கா ஐ.சி.டி.-10 என்ற நோய் வகைப்பாட்டு முறைக்கு மாறியபோது, நோய்க் கோடுகள் ஏறத்தாழ 14,000-லிருந்து 68,000 ஆகின. அங்கே ஆள் தேவை கூடியது. இங்கே விலங்கியல், நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களுக்குப் படிப்புக்கு ஒட்டிய வேலை கிடைத்தது. விசா இல்லாமலே உழைப்பு கடல் தாண்டியது. இது சாதாரண விஷயமில்லை, குறிப்பாக வெளியூர் போக வீட்டில் விடாத பெண்களுக்கு.

ஆனால் கம்பெனிக்கு டாலரில் வரவு, ஊழியருக்கு ரூபாயில் சம்பளம். ரூபாய் சரியும்போது வரும் கூடுதல் லாபம் சம்பளச் சீட்டை எட்டுவதில்லை. இப்போது மென்பொருளே குறிப்பைப் படித்துக் கோடு பரிந்துரைக்கிறது. சரிபார்ப்பது மனிதர்கள்; டார்கெட்டும் ஏறுகிறது. ரூபாய் சரிவால் வரும் அந்த லாபத்தில் ஒரு பங்கை இந்த ஊழியர்களுக்கு அடுத்த கட்டப் பயிற்சி தரக் கம்பெனிகள் செலவிட வேண்டும், வேலை நேரத்திலேயே.