டொரண்டோவிலிருந்து எத்தனை மணி நேரம்

அக்டோபர் 27, 2025

அம்மாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஐசியூ. தம்பிக்குப் போன் போட்டபோது டொரண்டோவில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

அக்டோபர் 28

சித்தி வந்ததிலிருந்து ஒரே கேள்வி: "அவன் இப்ப கிளம்பினா எப்ப வந்து சேருவான்?"

நேர் விமானம் கிடையாது. லண்டன் வரை ஏறக்குறைய ஏழு மணி நேரம், அங்கிருந்து சென்னைக்குப் பத்தரை, நடுவில் ஹீத்ரோவில் உட்கார்ந்திருப்பது தனி. "ஒரு நாள்னு வெச்சுக்கோ சித்தி" என்றேன்.

"அவ்வளவுதானா? தாத்தா போனப்ப உங்க மாமா பம்பாயிலேர்ந்து ரயில்ல வரவே ஒரு நாளுக்கு மேல ஆச்சே!"

போனப்ப என்கிறாள். ஐசியூ வாசலில் உட்கார்ந்துகொண்டு.

அக்டோபர் 30

தூக்கம் வரவில்லை. பையனின் மேஜையில் இருக்கும் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து டொரண்டோவுக்குக் குறுக்கு வழி மேற்கே போகவில்லை, வடக்கே ஏறுகிறது! கஜகஸ்தான், ரஷ்யா, நார்வேயின் வட முனை, கிரீன்லாந்துப் பனி. சுமார் 13,400 கிலோமீட்டர். லண்டன் சுற்றிப் போனால் 13,900தான். 2022 முதல் கனடா விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது. நூல் போகிற வழியில் அவர்கள் பறக்கவும் முடியாது.

அட்லாண்டிக்கின் மேல் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் இந்தப் பக்கம் வருவது சீக்கிரம், திரும்பிப் போகத்தான் கூடுதல் நேரம். எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு.

நவம்பர் 1

மூக்குக் குழாயில் கஞ்சி. சுகர் 240.

நவம்பர் 2, ஞாயிறு

கனடாவில் இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிட்டார்கள். ஒன்பதரையாக இருந்த இடைவெளி பத்தரையாகிவிட்டது. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வருவது மாலை ஏழு மணிக்கு. இனி அந்த நேரத்தில் தம்பி சப்வேயில் நின்றுகொண்டிருப்பான்.

நவம்பர் 5

"நீ வான்னு சொன்னா வந்துடறேன்க்கா."

இதைத்தான் ஒரு வாரமாகச் சொல்கிறான். என்ன பேச்சு இது? வா என்றால் அம்மா பிழைக்க மாட்டாள் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. வேண்டாம் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், காலத்துக்கும் நான்தான் தடுத்தேன் என்றாகும். டாக்டரும் சொல்ல மாட்டார், "பார்க்கலாம்" என்பார். லீவு பத்து நாள்தானாம். இப்போது வந்துவிட்டால் பிறகு 'எதற்கும்' வர முடியாதாம். அந்த 'எதற்கும்' எதற்கு என்று கேட்டேன். பேசாமல் இருந்தான். கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

பிறகு அரை மணி நேரம் அவன் ஊர் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8

அம்மா வார்டுக்கு வந்தாள். முதலில் கேட்டது காபி. அவனைப் பற்றிக் கேட்கவில்லை; கேட்டால் சொல்வதற்கு நான் ஒன்றும் வைத்திருக்கவும் இல்லை.

நவம்பர் 11

டிக்கெட் போட்டுவிட்டானாம். என்னைக் கேட்காமலே. சூட்கேஸில் இடம் இருக்கிறது, என்ன வாங்கி வர என்கிறான். டயப்பர் இங்கேயே கிடைக்கும் என்றேன்.