பதம்

கார்பன் எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினம், ஆனால் உடையும். அதனால் 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் இளக்குவார்கள். கத்தியின் பதம் அந்த இரண்டாம் சூட்டில்தான் இருக்கிறது. பெல்ட் கிரைண்டரில் அதைத் தாண்டிவிட்டால் இரும்பே நிறத்தில் சொல்லும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி பக்கம் நீலம். கொடுமை என்னவென்றால், நீலத்தை அடுத்த தேய்ப்பில் அழித்துவிடலாம். போன பதம் வராது. பளபளவென்று வீட்டுக்கு வரும் கத்தி ஒரே வாரத்தில் மழுங்கும்; நாமும் "இப்பல்லாம் இரும்பே சரியில்ல" என்போம்.

அம்மாவின் கத்திக்கு என்னைவிட வயது அதிகம். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகி, விளிம்புக்கு மேலே தடித்து, வெங்காயத்தை நறுக்காமல் பிளந்துகொண்டிருந்தது. "பாத்துடா, அதுல இனிமே தேய்க்க என்ன இருக்கு" என்றாள். நியாயமான பயம். மெலிய மெலியச் சூட்டை வாங்கிக்கொள்ள விளிம்பில் இரும்பே இருக்காது. முதல் இழுப்புகள் தாங்கியதைக் கடைசி இழுப்பு தாங்காது.

கையுறை போடவில்லை. விரல் 60 டிகிரிக்கு முன்பே அலறிவிடும், அதைவிட நல்ல தெர்மாமீட்டர் கிடையாது. வேகத்தைக் குறைத்து, ஒரு இழுப்பு, வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. பெல்ட் மட்டும் புதுசு. தேய்ந்த பெல்ட் வெட்டாது, உரசும். உரசல் முழுக்கச் சூடுதான். பெல்ட்டில் காசு மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. விளிம்பில் மெல்லிய கனம் விட்டு நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் தெளித்துக் கல்லில் கையாலேயே தீட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது.